கதவில் இருந்த பெயர்

நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலிகூட ஒரு லாரியில்தான் வந்திருக்கும். மேஜை, மின்விசிறி, எனக்கு நீங்கள் கொடுத்திருக்கிற இந்தக் காகிதம் எல்லாமே யாரோ ஒருவன் தூக்கத்தைத் தொலைத்து ஓட்டி வந்தவை. குத்திக்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. லாரி என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

நடந்ததை என் கைப்படவே வாக்குமூலமாக எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுவது எனக்குப் பழகிய வேலை. எங்கள் லாரி கம்பெனியின் வரலாற்றை எழுதியவனே நான்தான். வழவழப்பான தாளில், நாற்பதாம் ஆண்டு விழாவுக்காக அச்சடித்த புத்தகம். வரவேற்பறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதை எடுத்துப் படங்களை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். அதில் முதல் படம், எங்கள் முதலாளி பெரியவர் ஒரு பழைய லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது. 'ஒற்றை லாரியைத் தானே ஓட்டித் தொடங்கினார்' என்று கீழே எழுதியிருப்பேன். பெரியவருக்கு லாரி ஓட்டத் தெரியாது. படம் எடுக்கும்போது வண்டி நியூட்ரலில் இருந்தது. பின்னால் கட்டை போட்டு நிறுத்தியிருந்தோம்.

அந்த லாரியை ஓட்டியது இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவன் மாப்ளை. பார்க்கிற எல்லோரையும் 'மாப்ள' என்று கூப்பிடுவான். ஒருமுறை பெரியவரையே அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதோடு அவனுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நான் ஓட்டும்போது அவன் மூட்டைகளின் மேல் படுத்துத் தூங்குவான், அவன் ஓட்டும்போது நான் தூங்குவேன். இடது பக்கக் கதவு மூடாது, கயிறு போட்டுக் கட்டியிருப்போம். ஒரு சோப்பு, ஒரு துண்டு, ஒரு சாப்பாட்டுத் தூக்கு. அண்ணன் தம்பிகூட அப்படி இருந்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் லாரிகள் பெருகின. எனக்குப் பேச வரும், எழுத வரும் என்று பெரியவர் கண்டுகொண்டு ஆபீசுக்குள் இழுத்துக்கொண்டார். மாப்ளை ஸ்டியரிங்கிலேயே இருந்துவிட்டான். 'நாலு சுவத்துக்குள்ள எனக்கு மூச்சு முட்டும் மாப்ள, நீ போ' என்றான். பொறாமை என்பது அவனுக்கு என்னவென்றே தெரியாது.

நான் பொது மேலாளர் ஆனேன். என் உண்மையான வேலை வேறு. கம்பெனியின் பெயரைக் காப்பாற்றுவது. எங்கள் லாரிகளின் கதவுகள் கரு நீலம். அதன்மேல் மஞ்சள் எழுத்தில் கம்பெனி பெயர், அதற்குக் கீழே 'சொன்ன நேரத்தில், சொன்ன இடத்தில்'. அந்த வாசகமும் நான் எழுதியதுதான். எங்காவது விபத்து என்று போன் வந்தால், போலீசுக்கு முன்னால் போய்ச் சேருவேன். என் கார் டிக்கியில் எப்போதும் ஒரு டப்பா நீல பெயிண்டும் அகலமான ஒரு பிரஷ்ஷும் இருக்கும். முதல் காரியம், கதவில் உள்ள பெயரை அழிப்பது. போட்டோ எடுக்க வருகிறவனுக்கு நசுங்கிய சைக்கிள் தேவையில்லை, கதவில் இருக்கிற பெயர்தான் தேவை. பெயர் இல்லாத லாரி ஒருவனைக் கொன்றால் அது விபத்து. பெயருள்ள லாரி கொன்றால் அது செய்தி.

இரண்டாவது காரியம், காரணம் கண்டுபிடிப்பது. பனி மூட்டம். குறுக்கே வந்த மாடு. ஹெல்மெட் போடாத பையன். தூங்கிவிட்ட டிரைவர். தேடினால் காரணம் கிடைக்காமல் போகாது. எங்கள் லாரியால் ஓர் உயிர்கூடப் போனதில்லை என்று நான் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு யாரும் மறுக்கவில்லை. மறுக்கக்கூடியவர்களுக்குப் புத்தகம் படிக்கிற பழக்கம் இல்லை.

இதைப் படிக்கும்போது உங்கள் முகம் மாறும். மாறட்டும். சாப்பாடு நேரத்துக்கு வர வேண்டும், மருந்து நேரத்துக்கு வர வேண்டும், வாசலில் அழைப்பு மணி அடித்துப் பொட்டலம் தர வேண்டும், ஆனால் லாரி மட்டும் ரோட்டில் இருக்கக் கூடாது. ஊரே இப்படித்தான் நினைக்கிறது. இந்த நன்றி கெட்டதனத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஒரு கோபம் சேர்ந்துபோயிருந்தது. அதை நான் சத்தமாகக் காட்டியதில்லை. வேலையில் காட்டினேன்.

பெரியவர் போன பிறகு அவர் மகன் வந்தார். எல்லோருக்கும் அவர் சின்னவர். என்னைச் சித்தப்பா என்பார். தாழ்ந்த குரலில், மரியாதையாகப் பேசுவார். வண்டி பட்டறையில் நிற்பது அவருக்குப் பிடிக்காது. 'நிக்கிற வண்டி நமக்கு எதிரி சித்தப்பா' என்பார். அதனால் எந்த வண்டியும் என் அனுமதி இல்லாமல் பட்டறைக்குப் போகக் கூடாது என்று வைத்தோம். நான் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை.

நாற்பதாம் ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்த சமயம். மாப்ளை என் அறைக்கு வந்தான். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வருவான், எத்தனை தடவை வேண்டாம் என்றாலும்.

"மாப்ள, மலை இறக்கத்துல பெடல் தரைக்குப் போகுது. ரெண்டு தடவை சொல்லிட்டேன் பட்டறையில. உன்னைக் கேக்கச் சொல்றாங்க."

"விழா முடியட்டும்டா. நானே நிறுத்தச் சொல்றேன்."

"முடியறதுக்குள்ள நான் முடிஞ்சுடுவேன் போலிருக்கே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன். அந்தச் சரக்கு எங்களுடைய மிகப் பெரிய வாடிக்கையாளருடையது. மாற்று வண்டி இல்லை. ஒரு தடவை தாமதமானால் விழா மேடையில் அவர்கள் வந்து உட்கார மாட்டார்கள். இதையெல்லாம் அவனுக்கு எடுத்துச் சொன்னேன். மேடையில் கம்பெனியின் முதல் டிரைவர் என்று அவனுக்கும் சால்வை போடப்போகிறோம் என்றும் சொன்னேன்.

"சரி, நீ சொல்றேன்னு எடுத்துட்டுப் போறேன். கியர்லயே புடிச்சு இறக்கிடறேன்" என்றான். போகும்போது, "சால்வைக்காக இல்ல, தெரிஞ்சுக்கோ" என்றான்.

மறுநாள் மத்தியானம் நான் மலையடிவாரத்தில் எங்கள் கிளை அலுவலகத்தில் இருந்தேன். விழாவுக்கு யார் யாரை அழைப்பது என்று பேசிக்கொண்டிருந்தோம். மாப்ளையிடமிருந்து போன்.

"மாப்ள, பிரேக் போயிடுச்சு. கீழ கடைத்தெருவுல கூட்டமா இருந்துச்சு. பழைய கல்குவாரிப் பக்கம் திருப்பிட்டேன். பாறையில மோதிடுச்சு. கால் மாட்டிக்கிச்சு."

"வேற யாருக்காவது அடியா?"

"யாருக்கும் இல்ல. நான் மட்டும்தான்."

"வேற யாருக்கும் போன் பண்ணாதே. நான் வந்துட்டிருக்கேன். எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்."

"சரி மாப்ள."

அவன் வேறு யாரையும் அழைக்கவில்லை. ஆம்புலன்ஸை அழைத்திருக்கலாம். வீட்டை அழைத்திருக்கலாம். நான் சொன்னேன் என்பதற்காக அழைக்கவில்லை. இது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

குவாரி மூடிப் பல காலம் ஆகிவிட்டது. ஆள் நடமாட்டம் இல்லை. லாரியின் முன்பக்கம் பாறைக்குள் புதைந்ததுபோல் இருந்தது. அவன் பக்கத்துக் கதவு மட்டும் நசுங்காமல் பளபளவென்று, பெயரோடு நின்றது. உள்ளே அவன் ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தான். தெளிவாக இருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது என்றுகூடச் சொல்லலாம்.

நான் டிக்கியைத் திறந்து பெயிண்ட் டப்பாவை எடுத்தேன். இதை நீங்கள் நம்ப மறுக்கிறீர்கள். ஆனால் அது யோசித்துச் செய்ததில்லை. கை பழகிய காரியம். மஞ்சள் எழுத்துகளின் மேல் பிரஷ்ஷை இழுத்தேன். இரண்டு பூச்சு பூசினால்தான் மஞ்சள் மறையும்.

"என்ன மாப்ள பண்றே? என்னமோ சத்தம் கேக்குது."

"கதவைத் திறக்கப் பாக்கறேன்டா. மாட்டிக்கிட்டிருக்கு."

"கால்ல ரத்தம் நிக்கல. மேல இறுக்கிக் கட்டு மாப்ள. உன் பெல்ட்டைக் கழட்டு."

ரத்தக்கசிவை எப்படி நிறுத்துவது என்று டிரைவர்களுக்கு ஆண்டுதோறும் வகுப்பு எடுத்தவன் நான். அவன் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறான். "இப்போ தொடக் கூடாது. டாக்டர் வந்து பாக்கட்டும்" என்றேன். "அப்படியா" என்றான். என் பேச்சில் சந்தேகம் வந்ததே இல்லை அவனுக்கு.

பூசி முடித்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி வந்து சின்னவருக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். பிரேக் என்று சொன்னேன்.

"பேசறாரா?"

"நல்லாப் பேசறான் தம்பி."

அந்தப் பக்கம் யாரோ கோப்பையில் கரண்டியால் கலக்குவது கேட்டது. பிறகு, "நீங்க பாத்துக்குங்க சித்தப்பா" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். சாகவிடு என்று அவர் சொல்லவில்லை. அதைத்தான் இப்போது அவருடைய வக்கீல் திரும்பத் திரும்பச் சொல்கிறார். சரிதான். ஆனால் அந்தக் கம்பெனியில் அந்த மூன்று சொற்களை நான் நிறையத் தடவை கேட்டிருக்கிறேன். மாடும், பனி மூட்டமும், ஹெல்மெட் போடாத பையனும் அந்தச் சொற்களிலிருந்துதான் பிறந்தார்கள். அவருக்கு அது தெரியும். எனக்கும் தெரியும்.

அப்போதுதான் ஒரு பால் வேன் டிரைவர் வந்தார். மெயின் ரோட்டில் போகும்போது குவாரிப் பக்கம் புதிதாகப் போயிருந்த டயர் தடத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறார். எட்டிப் பார்த்ததும் பதறிப்போனார். "நாம ரெண்டு பேரும் சேந்து இழுத்தா வெளிய எடுத்துடலாம் சார். என் வேன்லயே போட்டுட்டுப் போயிடலாம்" என்றார்.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. கிளம்பிட்டாங்க. நாம தூக்கினா முதுகெலும்பு போயிடும்" என்றேன். "இந்தப் பாதை அவங்களுக்குத் தெரியாது. நீங்க மெயின் ரோட்டுல நின்னு கை காட்டினா பெரிய உதவியா இருக்கும்."

"இதோ சார்" என்று ஓடினார். உண்மையிலேயே ஓடினார். நல்ல மனிதர்.

நான் மாப்ளையின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். மறுபக்கக் கதவு மோதியதில் பிளந்து திறந்துதான் கிடந்தது. அவன் தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். குளிர்கிறது என்றான், என் கோட்டைப் போர்த்தினேன். மகளைப் பற்றிப் பேசினான். பேச்சு குழறியது. பிறகு பேசவில்லை. நான் நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். கிளை அலுவலகத்தில் விருந்தினருக்காக வாங்கி வைத்திருந்த ஒரு மது பாட்டில் என் காரில் இருந்தது. போன் செய்வதற்கு முன்னால் அதை அவன் சட்டையில் ஊற்றினேன். மிச்சத்தோடு பாட்டிலைச் சீட்டுக்கடியில் போட்டேன்.

குடித்துவிட்டு ஓட்டிய டிரைவர். அந்தச் செய்தி மறுநாள் வந்தது. படத்தில் கதவு வெறும் நீலமாக இருந்தது. விழா குறித்தபடி நடந்தது. எல்லோரும் வந்தார்கள்.

அவன் குடிக்க மாட்டான் என்று கம்பெனி முழுக்கத் தெரியும். தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. அதில் எனக்கு ஆச்சரியமில்லை. அவன் மகள்தான் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். "எங்கப்பா குடிச்சிருந்தார்னு சொன்னவன் வெளிய வாடா" என்று கத்தினாள். வாட்ச்மேன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான்தான் போய் அவளைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தேன். "அழாதேம்மா, உங்கப்பன் எனக்கு யாருன்னு உனக்குத் தெரியாதா" என்றேன். "மாமா, நீங்களாவது சொல்லுங்க" என்று என் தோளில் விழுந்து அழுதாள். அவளுக்கு வரவேற்பறையில் வேலை வாங்கிக் கொடுத்தேன். போன் வந்தால் கம்பெனியின் பெயரைச் சொல்லி, 'சொன்ன நேரத்தில், சொன்ன இடத்தில்' என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். நன்றாகச் சொன்னாள். அவள் குடும்பம் தெருவில் நிற்காமல் பார்த்துக்கொண்டது நான். இதை யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் நானே எழுதுகிறேன்.

சில வருடம் கழித்து நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தேன். விஷயம் ஒரு டீக்கடையில் வெடித்திருக்கிறது. பால் வேன் டிரைவர் அந்த நாளை மறக்கவே இல்லை. ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவரை டீக்கடையில் பார்த்ததும், அன்றைக்கு வந்த ஆள் இவர்தான் என்று அடையாளம் கண்டுகொண்டு சட்டையைப் பிடித்துவிட்டார். ஒரு மனிதன் உள்ளே துடித்துக்கொண்டிருக்க, ஆடி அசைந்து வந்தீர்களே என்று. ஆம்புலன்ஸ் டிரைவருக்கும் கோபம் வந்துவிட்டது. போன் வந்த உடனே கிளம்பினோம், நாங்கள் வந்தபோதே உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். இருவரும் அடிதடிக்குப் போய், பிறகு உட்கார்ந்து போன் வந்த நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்து, நேராக மாப்ளையின் வீட்டைத் தேடிப் போனார்களாம்.

அந்தப் பால் வேன் டிரைவரை அழைத்துக்கொண்டு மாப்ளையின் மகள் என் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி வழக்கம்போல் காபி கலந்து எடுத்து வந்தாள்.

"இவரைத் தெரியுதா மாமா?"

தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வேன் டிரைவர் முந்திக்கொண்டார்.

"நான் ரோட்டுலயே நின்னேன் சார். வெயில்ல. வர்ற வண்டியெல்லாம் ஆம்புலன்ஸானு பாத்துப் பாத்துக் கையைத் தூக்கினேன். நீங்க உள்ள உக்காந்து என்ன சார் பண்ணிட்டிருந்தீங்க?"

அவர்மேல் ஒரு தப்பும் இல்லை, ஆனால் அவர்தான் அழுதார். அவள் அழவில்லை.

"டாக்டர்கிட்டப் போய்க் கேட்டேன். கால்ல ஒரு கட்டுப் போட்டிருந்தா எங்கப்பா இன்னிக்கு ஊன்றுகோலோட நடந்துட்டிருப்பார்னு சொன்னார். அந்தக் கம்பெனிப் பேரை நான் தினமும் வாயால சொல்லிட்டிருந்தேன் மாமா. தினமும். நீங்க கேட்டுட்டுத் தலையாட்டிட்டுப் போவீங்க."

என் மனைவி காபித் தட்டோடு அறை வாசலில் நின்றாள். தட்டைக் கீழே வைக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை. அன்றிலிருந்து அவள் தன் தங்கை வீட்டில் இருக்கிறாள்.

அதற்கடுத்த வாரமே சின்னவர் அறிக்கை விட்டார். முன்னாள் ஊழியர் ஒருவர் தன்னிச்சையாகச் செய்த குற்றம், கம்பெனிக்கு அதில் சம்பந்தமில்லை, அதிர்ச்சி அடைந்திருக்கிறோம். என் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார்களாம். புத்தகத்தில் என் பெயர் வரும் பக்கங்களைப் பிய்த்துவிட்டு வைத்திருக்கிறார்களாம். என்மேல் இரண்டு பூச்சு பூசியாகிவிட்டது. வாழ்நாள் முழுக்க அவர்கள் அள்ளிப் போட்ட அசிங்கத்தையெல்லாம் நான் சுத்தம் செய்தேன். பெரியவரைப் பெரியவராக்கியது என் பேனா. அவர் பையன் முதல்முதலாக மைக்கைப் பிடித்தபோது நான் எழுதிக் கொடுத்ததைத்தான் படித்தான். இன்றைக்கு நான் யாரென்றே தெரியாதாம். ஆகவே பிரேக்கைப் பற்றியும், பட்டறைக்கு அனுப்பாத மற்ற வண்டிகளைப் பற்றியும், அந்த மாட்டையும் ஹெல்மெட் பையனையும் பற்றியும் தனியாக எழுதித் தருகிறேன். எவனையும் விட மாட்டேன். மனசாட்சி உறுத்தியதால் வந்தேன் என்று நீங்கள் எழுத வேண்டாம். எனக்குக் கோபம், அதனால் வந்தேன்.

மாப்ளை பிழைத்திருந்தால் பிரேக்கைப் பற்றிச் சொல்லியிருப்பான், கம்பெனி கவிழ்ந்திருக்கும், அதை நம்பிப் பிழைக்கிற அத்தனை குடும்பங்களும் தெருவுக்கு வந்திருக்கும், அதனால்தான் அப்படிச் செய்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். நீங்களும் அதை எழுதிக்கொண்டீர்கள். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது.

என் வீட்டுக்கு வந்த அன்று, கிளம்பும்போது மாப்ளையின் மகள் வாசலில் நின்று ஒன்று கேட்டாள். "எங்கப்பா மேல உங்களுக்கு என்ன கோபம் மாமா?" ஒன்றும் இல்லையம்மா என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வேன் டிரைவர் மெயின் ரோட்டுக்கு ஓடிய பிறகு, நான் பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததும், மாப்ளை என் முகத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"பிரேக் விஷயத்தை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மாப்ள. என் தப்புனே சொல்லிடறேன். உன் வேலைக்கு ஒண்ணும் வராது. காலை மட்டும் கட்டு."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வலியில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் மனசு மாறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இத்தனை நாளும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் இருவருக்கும் மீசை அரும்பிய நாளிலிருந்து எனக்குக் கொடுத்த ஒரு வாக்கைக்கூட அவன் மீறியதில்லை. இந்த வாக்கையும் காப்பாற்றியிருப்பான். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதே அது எனக்குத் தெரியும்.